பூவார் பொழிக்கரை: முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் போனேன்

ஊரம்புக்காரன்

பள்ளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் இரண்டும் "பூவார் ஐலண்ட் போகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றன. பூவாரில் ஏதடா ஐலண்ட் என்றேன். போனை நீட்டினார்கள். ட்ரோனில் பிடித்த வீடியோ. இந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர், அந்தப் பக்கம் கடல், நடுவில் வரப்பு மாதிரி மஞ்சள் மணல். பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் அக்கரை மணல்!

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து ஊரம்பு. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் கேரளா, பூவார் அந்தப் பக்கம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பூவார் காயலில் தொண்டு ஏற்றும் வள்ளம் வைத்திருந்தார். தொண்டு என்றால் தேங்காய் மட்டை. காயலோரச் சேற்றில் மாதக்கணக்கில் புதைத்துப் போட்டு, அழுகிய பிறகு அடித்து நார் எடுப்பார்கள். அந்த வாடை உடுப்பில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. 1991, 92 வாக்கில் கிறிஸ்மஸ் லீவில் மாமா எங்களை அந்த வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார். அம்மச்சி வாழையிலையில் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளைக் கறியும் (மத்தி மீன்) கட்டித் தருவாள். மணல் சுடும். காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கடல் பக்கம் ஓடுவோம். கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர்கள் இருந்தால் கை நிறைய நெத்திலி கொடுப்பார்கள். மூன்று கல் அடுப்பு வைத்து மாமா அதைச் சுட்டுத் தருவார். மற்றபடி ஆள் நடமாட்டமே இல்லாத மணல். காற்றும் நாங்களும்தான்.

இப்போது போன கதையைக் கேளுங்கள். பூவாருக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே ரோட்டில் நாலைந்து பேர் கையைக் காட்டி காரை நிறுத்துகிறார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள்: யானைப் பாறை, மிதக்கும் குடில், கண்டல் (அலையாத்தி) காடு, தங்க மணல். ஒரு மணி நேரத்துக்கு 3500 என்று ஆரம்பித்தார். வண்டியை நகர்த்தினேன், 2500. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன், 1800. லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டார்கள், அதில் முன்னால் போனவரின் ஈரம்.

போட்டு (படகு) போன வழி அழகுதான், பொய் சொல்லக்கூடாது. கண்டல் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்ட மாதிரி ஓர் ஒடுங்கின சந்து. உள்ளே போனதும் ஓட்டுபவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. சின்னவள் மூச்சு விடாமல் பார்த்தாள். பத்து எண்ணுவதற்குள் பின்னால் வந்த போட்டிலிருந்து ஸ்பீக்கர் பாட்டு.

அப்புறம் அந்த மணல். இறங்கியதும் "இருபது நிமிஷம்" என்றார். குதிரைச் சவாரி, மிளகாய்ப்பொடி தூவிய கைதச்சக்கை (அன்னாசி) துண்டு, கறுப்புக் கண்ணாடி, உடனடி போட்டோ. கடலோரம் கயிறு கட்டி ஒருவர் விசில் ஊதிக்கொண்டே நின்றார். நான் எங்கள் அடுப்பு இருந்த இடத்தைத் தேடினேன். அப்படித் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், ஆனாலும் தேடினேன். திசையே பிடிபடவில்லை. பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி.

இங்கே அந்தப் பக்கத்து ஆட்கள் இருக்கிறீர்களா? பழைய அக்கரை மணலைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். எப்போதிலிருந்து அது ஐலண்ட் ஆனது?

---

சும்மா_வந்தேன்

1800-க்கா? நாங்கள் 2500 கொடுத்தோம். இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருக்கணும் போல. வயிறு எரியுது.

---

மதுரை_மல்லி

நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு உதவி வேணும். அடுத்த மாதம் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போகிறோம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பூவாரையும் சேர்க்கலாமா? போட்டில் ஏறி இறங்குவது கஷ்டமா? எந்த ஸ்டேஷனில் இறங்கணும்? அங்கே குளிக்கலாமா? அப்பாவுக்குக் கடலில் கால் நனைக்காவிட்டால் போன மாதிரியே இருக்காது.

---

பொழியூர்_போட்டு

அண்ணே வணக்கம். நான் அங்கே போட்டு ஓட்டுகிறவன். உங்களை ஏற்றியது நான் இல்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

3500 கேட்டது தப்புதான். ஆனால் அதில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். ரோட்டில் படம் காட்டி உங்களை நிறுத்தினாரே, அவர் போட்டுக்காரர் இல்லை. அவருக்கு ஆயிரத்துக்கு முந்நூறு போகும், சில நாள் அதுக்கு மேலும். நீங்கள் கொடுத்த 1800-ல் பெட்ரோலும் கமிஷனும் போக மிச்சத்தைப் படகு முதலாளியும் நானும் பங்கு வைக்க வேண்டும். ரோட்டில் நிற்காமல் நேராகக் கடவுக்கு, அதாவது போட்டு புறப்படும் துறைக்கு, வந்து பேசினால் உங்களுக்கும் குறையும், எங்களுக்கும் கூடும். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த கார் அங்கேதான் நிற்கிறது.

2023 மே 7-ஆம் தேதி மலப்புறம் தானூரில் போட்டு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, அதற்குப் பிறகு சோதனை கூடிவிட்டது. எத்தனை பேர் ஏற்றுகிறாய், ஜாக்கெட் எங்கே, லைசன்ஸ் எங்கே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஈர ஜாக்கெட்டுக்கு மன்னிப்பு. வெயிலில் காயவைக்க நேரம் கிடைக்காத நாள் எங்களுக்கு நல்ல நாள். ஜூன், ஜூலை மழையில் ஆள் வராது. அப்போது வந்து பாருங்கள், ஜாக்கெட் எல்லாம் காய்ந்து கிடக்கும்.

மதுரை அக்காவுக்கு: அங்கே கடலில் குளிக்கக் கூடாது. கால் நனைக்கிறேன் என்று இறங்குவதும் வேண்டாம். அந்தக் கரை சரிவாக இருக்காது, சட்டென்று இறங்கும். அலை தூரத்தில் உடையாமல் காலடியில் வந்து உடைந்து, திரும்பும்போது மணலோடு ஆளையும் உருவும். பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருந்தால் ஆற்றுத் தண்ணீரும் கடலுக்குள் தள்ளும். அந்தக் கயிறு சும்மா கட்டினது இல்லை. அப்பா ஆற்றுப் பக்கம் கரையோரம் நிற்கட்டும், ஒன்றும் ஆகாது.

போட்டில் ஏறுவதற்கு இரண்டு பேர் கை கொடுப்போம். இறங்கும்போது மணலில் ஒரு பலகை போடுவோம். முட்டுவலி இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள்.

---

வலைக்கண்ணி

நானும் அந்தக் கரைக்காரிதான். சொந்த ஊர் நீரோடி. தமிழ்நாட்டின் மேற்குக் கடலோரத்தில் கடைசி ஊர். எங்கள் ஊர் முடிகிற இடத்தில் கேரளாவின் பொழியூர் தொடங்கும். கடற்கரையில் நின்றால் கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஊரம்புக்காரன் அண்ணன் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு வரி என்னைக் குத்தியது. "ஆள் நடமாட்டமே இல்லாத மணல்." அண்ணே, யாருக்கு ஆள் இல்லாதது?

எங்கள் அம்மா நீரோடியிலிருந்து கடவத்தைத் தலையில் வைத்து அந்த மணல் வழியாகத்தான் பூவார் சந்தைக்கு நடப்பாள். கடவம் தெரியாதவர்களுக்கு: பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. மீனோடு ஐஸ் சேர்ந்தால் தண்ணீர் சொட்டும். அது முகத்தில் வழியாமல் இருக்கப் பழைய துணியைச் சும்மாடு சுற்றி அதற்கு மேல் பாக்கு மட்டை ஒன்றை வைப்பாள். பொழி அடைந்திருந்தால் மணல் மேலேயே நடந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம். திறந்திருந்தால் கடத்து வள்ளத்துக்குக் காசு. அந்த எட்டணாவுக்காக இடுப்பளவு தண்ணீரில் கடவத்தோடு இறங்கி நடந்தவர்கள் உண்டு. சந்தை முடிந்து வெறும் கடவத்தோடு திரும்பும்போது வெயில் உச்சியில் இருக்கும். செருப்பு கிடையாது. கடல் நனைத்த ஈர மணலில் கால் வைத்து, அலை வரும்போது மேலேறி, போனதும் கீழிறங்கி, அப்படியே வளைந்து வளைந்து நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருப்பார்கள்.

அந்த மணலில் எல்லா நாளும் ஆள் இருந்தது. லீவுக்கு வந்தவர்கள்தான் இல்லை.

அப்புறம் அங்கே கரைமடி இழுத்தவர்கள். ஒரு மடிக்கு முப்பது ஆள் வேண்டும், இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையில் பின்னால் பின்னால் நடந்து இழுப்பார்கள். இழுக்கிற அந்த நீளம் வெறும் மணலாகக் கிடந்தால்தான் மடி கரையேறும். குதிரையும் குடையும் கடையும் வந்த இடத்தில் எப்படி இழுப்பது?

போட்டுத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பிழைப்பு அது.

---

சும்மா_வந்தேன்

இழை சூடு பிடிக்குது. சாயா போட்டுட்டு வரேன்.

---

பழைய_மேப்

நில அளவை வேலையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். சில விஷயங்கள் சொல்கிறேன், பழக்கதோஷம்.

முதலில் அது தீவு இல்லை. நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடி வந்து, பூவாரில் கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் நேராகப் போய் விழாமல் கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் படுத்துக்கொள்ளும். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் நாக்குதான் நீங்கள் எல்லாரும் பார்த்தது. அலையும் காற்றும் கொண்டுவந்து போட்டது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து ஆறு நிறைந்தால் அந்த மணலை எங்காவது முறித்துக்கொண்டு கடலுக்குப் போகும். அதைத்தான் பொழி முறிவது என்பார்கள். மழை ஓய்ந்து ஆற்றின் வேகம் தணிந்ததும் கடல் மணலைத் திரும்பத் தள்ளி வாயை அடைக்கும். இந்த வருஷம் வாய் இருந்த இடத்தில் அடுத்த வருஷம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊரம்புக்காரர் அடுப்பைத் தேடியது வீண். அந்த மணலே அங்கே இல்லை, இப்போது இருப்பது வேறு மணல். சுற்றுலா வராமல் இருந்திருந்தாலும் அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டாவது, கண்டல் நடுவே போட்டு போகிறதே, அந்தப் பக்கத்தில் பழைய ஏ.வி.எம். கால்வாய் இருக்கிறது. அனந்த, விக்டோரியா, மார்த்தாண்டம். தெய்வம், ராணி, ராஜா என்று மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெயர். 1860-ல் திருவிதாங்கூர் ராஜா உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை தண்ணீரிலேயே போக வேண்டும் என்பது திட்டம். அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் பூவாரிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வழியாக மண்டைக்காடு பக்கம் வரை வள்ளம் ஓடிய காலம் உண்டு. நம் பக்கத்தில் இப்போது பல இடங்களில் ஆகாயத்தாமரையும் குப்பையும். 2016-ல் மத்திய அரசு 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகள் என்று அறிவித்தபோது இதுவும் 13-ஆம் எண்ணில் பட்டியலில் ஏறியது. காகிதத்தில் தேசிய நீர்வழி, நேரில் போனால் கொசு.

மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா நம் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. நேசமணி காலத்தில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதையும் சேர்த்துத்தான் கேட்டது, கிடைக்கவில்லை. ஆறு அங்கே, அதன் இடதுகரைக் கால்வாயின் கடைமடை இங்கே. 2004-லிருந்து அந்தக் கால்வாயில் நமக்குத் தண்ணீர் வருவதில்லை, வழக்கு நடக்கிறது. நெய்யாறு என்றதும் எனக்கு மணல் நினைவுக்கு வருவதில்லை, காய்ந்த வயல்தான் வருகிறது. இது இழைக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

---

சும்மா_வந்தேன்

நெய்யாற்றின்கரை நமக்குக் கிடைத்திருந்தால் மட்டும் என்ன? நம் ஆட்கள் மணலை லாரியில் ஏற்றியிருப்பார்கள். ஐலண்டும் இருந்திருக்காது.

---

வலைக்கண்ணி

பழைய மேப் ஐயா சொன்ன மணல் கணக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். மணல் எப்போதும் வந்தும் போயும் இருந்தது, சரி. ஆனால் இப்போது போனது திரும்பி வருவதில்லை.

நம் பக்கத்தில் தூண்டில் வளைவு என்போம், பொழியூர்க்காரர்கள் புலிமுட்டு என்பார்கள். கடலுக்குள் பாறாங்கல்லை நீட்டிப் போடுவது. போட்ட ஊருக்கு மணல் தங்கும், அடுத்த ஊருக்கு அரிப்பு. தமிழ்நாட்டுக் கரையில் கல் போட்டதால்தான் எங்கள் வீடு போகிறது என்று பொழியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. எங்களுக்கும் கல் போடாமல் இருந்தால் எங்கள் வீடு போயிருக்கும், அதிலும் பொய் இல்லை. ஒரே கடல், ஒரே பாஷை கலந்த ஜனம், கல்யாணம் கொடுத்து எடுக்கிற ஊர்கள். கல் மட்டும் இரண்டு சர்க்கார்.

என் சித்தி வீடு பொழியூரில். முன்னால் இரண்டு வரிசை வீடு இருந்தது, அப்புறம் ரோடு, அப்புறம் கடல். நான் கல்லூரி போகும்போது ஒரு வரிசை போயிற்று. இப்போது சித்தி சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் அலை தெரியும். டூரிஸ்டு யாராவது பார்த்தால் "கடல் பார்த்த வீடு, எவ்வளவு வாடகை" என்று கேட்பார்கள்.

ஓகி புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி அந்த ஜன்னல்கிட்டதான் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எட்டுக் கிராமத்திலும் ஆழ்கடலுக்குப் போனவர்கள் அதிகம். இதை இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

---

பொழியூர்_போட்டு

அக்கா, உங்கள் சித்தி வீடு எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இங்கே எழுத வேண்டாம்.

நானும் அந்தக் கரையில் பிறந்தவன்தான். அப்பா கரைமடியில் கயிறு பிடித்தார். நான் பத்தாவது முடித்துக் கொஞ்ச நாள் கடலுக்குப் போனேன், அப்புறம் கல்ஃபில் ஒரு அரபி லாஞ்சில் நாலு வருஷம். ஓகி வந்தபோது அங்கே இருந்தேன். அதனால் இருக்கிறேன். திரும்பி வந்தபோது அம்மா சொன்னாள், கடலில் வேண்டாம், ஆற்றில் ஓட்டு. ஆற்றில் ஓட்டுவதற்கு டூரிஸ்டு வேண்டும்.

கரைமடி நின்றதற்கு நாங்கள் மட்டும் காரணம் இல்லை. சாளை கரைக்கு வருவதே குறைந்துவிட்டது. முப்பது பேர் மூன்று மணி நேரம் இழுத்து, ஆளுக்கு எண்பது ரூபாய் பங்கு கிடைத்தால் அடுத்த நாள் யார் வருவார்? இப்போதும் சில நாள் இழுக்கிறார்கள். டூரிஸ்டுகள் ஓடி வந்து கயிறைப் பிடித்து செல்ஃபி எடுப்பார்கள். கிழவர் ஒருவர் இருக்கிறார், கத்துவார்: "இழுக்கியதுன்னா இழு, இல்லெங்கி விடு!"

---

ஊரம்புக்காரன்

இரண்டு நாளாக ஆபீஸ் வேலை, வர முடியவில்லை.

வலைக்கண்ணி எழுதியதைப் படித்துவிட்டு என் பதிவைத் திரும்ப வாசித்தேன். கரைமடி இழுத்தவர்கள் நெத்திலி தருவார்கள் என்று நானே எழுதியிருக்கிறேன். அதற்கு இரண்டு வரி தள்ளி ஆள் நடமாட்டமே இல்லை என்றும் நானே எழுதியிருக்கிறேன். முப்பது பேரைப் பார்த்துக்கொண்டே ஆளில்லை என்று எழுத எப்படி வந்தது என்று தெரியவில்லை. கடவத்தோடு போன பெண்களும் இப்போது நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வரிசையாக வரும்போது நாய் ஒன்று கூடவே வரும். எங்கள் அம்மச்சி அவர்களிடம் பேரம் பேசுவதற்கென்றே சந்தை முடியும்வரை வீட்டு வாசலில் நிற்பாள், மிச்ச மீன் மலிவாகக் கிடைக்கும் என்று. எவ்வளவு குறைத்து வாங்கியிருப்பாள் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்புறம் ரோட்டில் 3500-ஐ 1800-க்குக் கொண்டுவந்ததை என்னவோ சாமர்த்தியம் மாதிரி எழுதியிருக்கிறேனே!

மாமாவின் தொண்டு அழுகல் காயலை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதும் இருக்கிறது. அந்தக் கறுப்புத் தண்ணீரில் மீன் செத்து மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். போட்டு வந்துதான் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனாலும் ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்டலுக்குள் ஸ்பீக்கர் வேண்டாம். அதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

---

பொழியூர்_போட்டு

ஸ்பீக்கர் பற்றி நானும் உங்கள் கட்சி. ஏறும்போதே "புளூடூத் உண்டா" என்று கேட்கிறார்கள் அண்ணே. இல்லை என்றால் பக்கத்துப் போட்டுக்குப் போய்விடுவார்கள். நான் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக ரிப்பேர்.

---

பழைய_மேப்

சபாஷ்.

---

சும்மா_வந்தேன்

ரிசார்ட்டுகளைப் பற்றி யாருமே பேசவில்லையே? கொச்சி பக்கம் மரடில் அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் குண்டு வைத்து இடித்த மாநிலம். இங்கே தண்ணீருக்கு மேலேயே குடில் மிதக்குதே, அதற்குச் சட்டம் கிடையாதா?

---

பழைய_மேப்

மரடு வழக்கு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறிக் கரையில் கட்டியதற்கானது, உச்சநீதிமன்றம் வரை போனது. இங்கே எந்தக் கட்டடம் எந்த அனுமதியில் இருக்கிறது என்பதைக் காகிதம் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஒன்று சொல்லலாம்: மழைக்காலத்தில் பொழி முறியத் தாமதமானால் ஆற்றுத் தண்ணீர் பின்னால் ஏறும், தாழ்ந்த இடத்து வீடுகளுக்குள் போகும். அப்போது இயந்திரம் வைத்து மணலை வெட்டி விடுவது வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில் ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு ஒரு அவசரம், மீன்பிடிப்பவருக்கு ஒரு கணக்கு, மணல் கரையை நம்பிக் கடை வைத்திருப்பவருக்கு இன்னொரு கணக்கு. முன்பு இரண்டு கணக்குதான் இருந்தது.

---

மதுரை_மல்லி

போயிட்டு வந்துட்டோம்! எல்லாருக்கும் நன்றி.

இரவு மதுரை-புனலூர் ரயிலில் ஏறி விடியற்காலை நெய்யாற்றின்கரையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ரோட்டில் படம் காட்டுபவர்களிடம் நிற்காமல் நேராகக் கடவுக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முன்னால், எட்டு மணி இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு போட்டுதான். கண்டலுக்குள் சத்தமே இல்லை. ஒரு மீன்கொத்தி தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. காலையில் போங்கள், அவ்வளவுதான் ரகசியம்.

அம்மா போட்டில் ஏறியதும் முருகா முருகா என்று பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த யானைப் பாறை வந்தபோது ஓட்டுபவர் "அம்மா பாருங்க, யானை" என்றதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "தும்பிக்கை எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

அப்பாவைக் கடல் பக்கம் விடவில்லை. ஆற்றுப் பக்கம் நின்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு கால் நனைத்தார். குனிந்து வாயில் வைத்துப் பார்த்து, "இது உப்பும் இல்லை, நல்ல தண்ணியும் இல்லை" என்றார். நாங்கள் நிற்கும்போதே கயிற்றைத் தாண்டின ஒரு பையனை அலை உருட்டிவிட்டது. விசில்காரர் ஓடிப்போய் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொழியூர் தம்பி சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தண்ணீர் வெறும் முழங்கால் அளவுதான் இருந்திருக்கும்.

திரும்பி வந்து ஒரு சின்னக் கடையில் மரச்சீனியும் அயிலைக் கறியும் சாப்பிட்டோம். கறியில் குடம்புளி. அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். அதற்கு மட்டும் கண் நன்றாகத் திறந்திருந்தது.

---

வலைக்கண்ணி

தும்பிக்கை! உங்கள் அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

---

ஊரம்புக்காரன்

நேற்று மறுபடியும் ஊரில் இருந்தேன், ஒரு பத்திர வேலை. அரை நாள் மிச்சம் இருந்தது. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, வள்ளம் விற்று இருபது வருஷம் ஆகிறது, கண்ணில் ஆபரேஷன் ஆனவர். "அக்கரை மணலுக்குப் போவோமா" என்றேன். "அங்கே என்ன கெடக்கு" என்றார். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டை மாட்டிவிட்டார்.

போட்டில் போகவில்லை. பொழிக்கரைக்கு ரோடு வழியாகவே போய்விடலாம் என்று மாமாதான் சொன்னார். எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி மணலில் கொஞ்ச தூரம் நடந்தோம். கைத்தடி புதைந்து புதைந்து வந்தது, அதை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம், அக்கரையில் கூட்டம். குதிரை ஒன்று அலையோரம் போய்வந்தது. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஆற்றின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். பழைய வள்ளக்காரர் பார்வை.

"நம்ம அடுப்பு எங்கே மாமா இருந்தது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தென்னை மரங்களைக் கணக்குப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டினார், தண்ணீருக்கு நேராக. "அந்தா, மஞ்சப் போட்டு ஒண்ணு திரும்புது பாத்தியா? அதுக்கு அடியில."

அந்தப் போட்டில் ஒரு குடும்பம் இருந்தது. சின்னப் பையன் ஒருவன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். மாமாவும் ஆட்டினார். திரும்பும்போது ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி நெத்திலிக் கருவாடு கால் கிலோ வாங்கினார். நான் காசு கொடுக்கப் போனபோது பேரம் பேசாதே என்றார். இந்த இழையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக.

---

சும்மா_வந்தேன்

எல்லாம் சரி. ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?

---

ஊரம்புக்காரன்

200 கேட்டார். 200 கொடுத்தேன்.